எந்தத் தண்ணீர் என்று கேளுங்கள்: நெகிரி செம்பிலான் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களே,

சிரம்பான், போர்ட்டிக்சன், ரெம்பாவ், தம்பின், ஜெம்புல், ஜெலுபு என்று எந்த வட்டாரத்தில் நீங்கள் பாடம் நடத்தினாலும் இந்த மடல் உங்களுக்குத்தான். உங்கள் பள்ளிகள் பலவற்றின் பெயரில் மட்டும்தான் இன்று தோட்டம் இருக்கிறது. பால் மரம் நின்ற இடத்தில் செம்பனை வந்துவிட்டது. சில இடங்களில் அதுவும் போய் வீடமைப்புப் பகுதி வந்துவிட்டது. ஆனாலும் அறிவியல் விழா என்றால் பள்ளி முடிந்த பிறகும் பிள்ளைகளோடு உட்கார்ந்து அட்டை வெட்டி, அளந்து, குறித்து, படம் ஒட்டும் ஆசிரியர்கள் நீங்கள். அந்த உழைப்பை மதிப்பவன் என்ற உரிமையில் ஒன்று கேட்க வருகிறேன்.

பேம்பர்ஸ் என்று நாம் பொதுவாகச் சொல்லும் குழந்தை அணையாடையைப் பிரித்து, உள்ளிருக்கும் வெள்ளைத் தூளை எடுத்து, அதில் தண்ணீர் ஊற்றி ஜெல்லாக்கி, பூச்சாடி மண்ணில் கலந்து, ‘செடிக்கு அடிக்கடி தண்ணீர் ஊற்ற வேண்டாம்’ என்று காட்டும் ஆய்வு உங்களுக்குப் பழக்கமானது. நல்ல ஆய்வுதான். செலவு குறைவு, பிள்ளைகளின் கண் விரியும். ஆனால் அட்டையில் பெரிய எழுத்தில் ஒரு வரி இருக்கும்: ‘இத்தூள் தன் எடையைப் போல் முந்நூறு மடங்கு நீரை உறிஞ்சும்.’ அந்த மேசை முன் நிற்கும்போதெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான் எழும். எந்தத் தண்ணீர்?

குறுக்குக் கேள்வி கேட்டுப் பிள்ளையை மடக்கும் எண்ணம் எனக்கில்லை. அந்த முந்நூறு மடங்கு காய்ச்சி வடித்த நீருக்கான கணக்கு. அதே தூளை நூறு மில்லிலிட்டரில் 0.9 கிராம் சமையல் உப்பு கரைந்த நீரில் போட்டால் ஐம்பது மடங்கைத் தொட்டாலே பெரிது. அணையாடை செய்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். சிறுநீரில் உப்பு உண்டு என்பதால் அவர்கள் தங்கள் தூளைச் சுத்த நீரில் சோதிப்பதோடு நிற்பதில்லை, 0.9 விழுக்காட்டு உப்பு நீரில்தான் சோதிக்கிறார்கள். செடிக்குப் போடும் நம் பிள்ளைகள் எந்த நீரில் சோதிக்க வேண்டும்? செடியின் வேரைத் தொடும் நீரில். அந்த நீரில் உரம் இருக்கும், மண்ணின் புளிப்பு இருக்கும். அங்கேதான் கதை மாறுகிறது.

தூளுக்குள் நடப்பதை முதலில் பார்ப்போம். அது சோடியம் பாலிஅக்ரிலேட். நீண்ட பாலிமர் சங்கிலிகள். அங்கங்கே ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு வலையாக நிற்கின்றன. சங்கிலி நெடுகிலும் எதிர்மின்னூட்டம் கொண்ட தொகுதிகள். அவற்றுக்கு ஈடாகச் சோடியம் அயனிகள். காய்ந்திருக்கும்போது எல்லாம் சுருண்டு கிடக்கும். தண்ணீர் பட்டதும் சோடியம் அயனிகள் சங்கிலியை விட்டு நீரில் கலக்கும். ஆனால் வலையை விட்டு வெளியே ஓட முடியாது. ஓடினால் உள்ளே எதிர்மின்னூட்டம் ஈடில்லாமல் நின்றுவிடும். இயற்கை அதற்கு இடம் கொடுக்காது. ஆக, ஜெல்லுக்குள் அயனி கூட்டமாகவும் வெளியே குறைவாகவும் இருக்கும். அந்த வேறுபாட்டைச் சமன்செய்யத்தான் நீர் உள்ளே பாய்கிறது. சங்கிலிகளும் ஒன்றையொன்று விலக்கி விரிகின்றன. வலையின் முடிச்சுகள் இதற்கு மேல் நீள முடியாது என்று இழுத்துப் பிடிக்கும் இடத்தில் வீக்கம் நின்றுவிடும்.

இப்போது வெளி நீரில் உப்பைக் கரையுங்கள். வெளியிலும் அயனி கூடிவிட்டது. உள்ளுக்கும் வெளிக்கும் இருந்த வேறுபாடு குறைந்துவிட்டது. நீர் உள்ளே வரக் காரணம் குறைந்தால் வரும் நீரும் குறையத்தானே செய்யும்? அயனிகள் வெளியேற முடியாமல் ஒரு பக்கம் தேங்கும்போது ஏற்படும் இந்தச் சமநிலையை ஃபிரெடெரிக் டோனன் 1911இல் விளக்கினார். பாலிமர் வலை எவ்வளவு வீங்கும் என்ற கணக்குக்கு அடிப்படை போட்டவர்களில் பால் ஃபுளோரி முக்கியமானவர். பாலிமர் ஆய்வுகளுக்காக 1974இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றவர். அமெரிக்க வேளாண் துறையின் பியோரியா ஆய்வகத்தில் 1970களின் தொடக்கத்தில் மாவுச்சத்தை வைத்து, இப்படி நீரை ஏராளமாகக் குடிக்கும் முதல் பேருறிஞ்சிகளைச் செய்தார்கள். வேளாண் ஆய்வகத்தில் பிறந்த பொருள் குழந்தையின் இடுப்புக்குப் போய், இன்று நம் பிள்ளைகள் கையால் மீண்டும் மண்ணுக்கே வருகிறது.

இதெல்லாம் நம் தோட்டத்துக்குப் புதிது என்று நினைக்க வேண்டாம். உங்கள் மாணவர்களின் தாத்தா பாட்டியைக் கேளுங்கள். ரப்பர் மரத்து மங்கில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, ஸ்டோருக்குத் தூக்கிக்கொண்டு வந்து, நிறுத்துக் கொடுத்தவர்கள் அவர்கள். அந்தப் பால் தானாக ஏன் கட்டவில்லை? பாலில் மிதக்கும் ரப்பர்த் துகள் ஒவ்வொன்றையும் புரதமும் பாஸ்போலிப்பிடும் போர்த்தியிருக்கின்றன. அந்தப் போர்வைக்கு எதிர்மின்னூட்டம். ஒரே வகை மின்னூட்டம் கொண்டவை ஒன்றையொன்று நெருங்க விடாது. அதனால் பால் பாலாகவே நிற்கிறது. புதிதாக இறங்கிய பாலின் பிஎச் ஏறக்குறைய 7. நீரில் கலக்கிய பார்மிக் ஆசிட்டை ஊற்றி அதை 5க்கும் கீழே இறக்கினால், அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகள் போர்வையின் மின்னூட்டத்தை அவித்துவிடும். விலக்கும் விசை போனதும் துகள்கள் ஒட்டிக்கொள்ளும். சிறிது நேரத்தில் தொட்டி முழுதும் வெள்ளைக் கட்டி. மெஷினில் போட்டு நசுக்கினால் தண்ணீர் பிதுங்கும்.

காலையில் வெட்டிய பால் வெயில் ஏறுவதற்குள் மங்கிலேயே கட்டிப் போவதும் இதே கதைதான். பாலில் பெருகும் நுண்ணுயிர்கள் அதிலுள்ள சர்க்கரையைத் தின்று அமிலம் விடுகின்றன. அதற்கு மாற்றாகத்தான் இரண்டு சொட்டு அமோனியா விடுவார்கள்: அமிலத்தை முறிக்கும், நுண்ணுயிரை அடக்கும், மின்னூட்டத்தைக் காப்பாற்றும். ஆசிட் விட்டால் கட்டும், அமோனியா விட்டால் நிற்கும் என்று கையால் தெரிந்த அவர்கள், மின்னூட்டம் உள்ள பொருளை அயனி எப்படி ஆட்டிவைக்கும் என்பதைத் தினமும் செய்து பார்த்தவர்கள். ரப்பர்ப் பால் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்த எனக்கும் பாடம் அங்கேதான் தொடங்கியது. பாலில் துகள், அணையாடையில் வலை என்ற வேறுபாட்டை மறக்கக் கூடாது. ஆனால் இரண்டுக்கும் சட்டம் ஒன்று: மின்னூட்டம் இருக்கும்வரை விலகல், அது அவிந்தால் ஒட்டல்.

இனி முக்கியமான இடம். எல்லா அயனியும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. சோடியம், பொட்டாசியம், அம்மோனியம் ஆகியவற்றுக்கு ஒற்றை மின்னூட்டம். அவை சங்கிலியைச் சுற்றி நின்று விலகலைத் தணிக்கும், அவ்வளவுதான். கால்சியத்துக்கும் மக்னீசியத்துக்கும் இரட்டை மின்னூட்டம். கால்சியம் இரண்டு கையாலும் இரண்டு சங்கிலியைப் பிடித்துக்கொள்கிற ஆள்; வலையில் இல்லாத புது முடிச்சைப் போட்டுவிடும். அலுமினியத்துக்கு மூன்று. ஷூல்சே 1882இலும் ஹார்டி 1900இலும் கண்ட விதி இதுதான்: மின்னூட்டம் கூடக் கூட, கட்டவைக்கத் தேவைப்படும் அளவு மளமளவென்று குறையும்.

ரப்பர்க் கையுறை செய்யும் முறையே இதன் மேல் நிற்கிறது. பீங்கான் கை அச்சை முதலில் கால்சியம் நைட்ரேட் கரைசலில் முக்கி உலர்த்துவார்கள். பிறகு பாலில் முக்குவார்கள். அச்சின் மேலிருக்கும் கால்சியம் பாலுக்குள் கசிந்து பரவ, அதைச் சுற்றி ஒரு படலம் கட்டிக்கொள்ளும். அதே காரணத்துக்காக, பாலைச் செறிவாக்கி வைக்கும் இடத்தில் மக்னீசியத்தை விடமாட்டார்கள். டைஅம்மோனியம் பாஸ்பேட் போட்டு வண்டலாகக் கீழே இறக்கி எடுப்பார்கள். ஓரிடத்தில் வரவேற்கும் அயனி இன்னோரிடத்தில் விருந்தாளியே இல்லை.

செடிக்குப் போடும் ஜெல்லில் இது எப்படி வெளிப்படும்? அமெரிக்காவில் போமன், இவான்ஸ், பால் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1990இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. தோட்டக்கலையில் விற்கும் பாலிஅக்ரிலமைடு ஜெல்களை உர உப்புக் கரைசல்களில் ஊறவைத்துப் பார்த்தார்கள். சுத்த நீரில் முந்நூறு நானூறு மடங்கு குடித்த ஜெல், கால்சியமும் மக்னீசியமும் போதிய அளவு இருந்த கரைசலில் ஏறக்குறைய அதில் பத்தில் ஒரு பங்கோடு நின்றுவிட்டது. பொட்டாசியமும் அம்மோனியமும் கெடுத்ததைச் சுத்த நீரில் திரும்பத் திரும்ப அலசிச் சரிசெய்ய முடிந்தது. கால்சியமும் மக்னீசியமும் கெடுத்தது அப்படி அலசித் தீரவில்லை. யூரியா மட்டும் எதையும் கெடுக்கவில்லை. யூரியா நீரில் கரைந்தாலும் அயனியாகப் பிரிவதில்லை என்பதே காரணம். ‘உப்பு போட்டால் ஜெல் சுருங்கும்’ என்று மட்டும் சொல்லி முடித்துவிடக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். எந்த உப்பு என்பதுதான் கேள்வி.

இதை நம் மண்ணோடு சேர்த்துப் பாருங்கள். செம்பனைக் கன்றுக்குக் கொடுக்கும் கூட்டு உரத்தில் மக்னீசியம் உண்டு. கீசரைட் என்பது முழுக்க மக்னீசியம் சல்பேட்தான். பொட்டாஷ் உரம் பொட்டாசியம் குளோரைடு. அடுத்து நிலம். நம் தோட்டங்களின் சிவந்த மண் இயல்பாகவே புளிப்பானது; பிஎச் 4க்கும் 5க்கும் இடையில் கிடக்கும். அந்தப் புளிப்பில் ஜெல்லின் எதிர்மின்னூட்டத் தொகுதிகள் பல ஹைட்ரஜனைப் பிடித்துக்கொண்டு மின்னூட்டம் இழந்துவிடும். பாலில் ஆசிட் செய்த வேலையை இங்கே மண் செய்கிறது. அதே புளிப்பில் மண்ணிலுள்ள அலுமினியமும் கரைந்து வெளிவரும். மூன்று மின்னூட்டம் கொண்ட அயனி அது. புளிப்பை மாற்ற நாம் போடும் சுண்ணாம்புத் தூளோ கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்தது. இந்தப் பக்கம் போனாலும் இடி, அந்தப் பக்கம் போனாலும் இடி.

அப்படியானால் ஜெல்லே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். தீபகற்பத்தில் மழை குறைவாகப் பெறும் பகுதிகளில் ஜெலுபுவும் ஒன்று. வறண்ட வாரங்களில் கன்றைக் காப்பாற்ற எது உதவினாலும் நல்லதே. மின்னூட்டம் இல்லாத அல்லது குறைந்த பாலிமர்களுக்கு உப்பின் தொல்லை குறைவு. டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், செல்லுலோஸை அடிப்படையாகக் கொண்டு ‘பூசா ஹைட்ரோஜெல்’ என்ற ஒன்றை மானாவாரி நிலத்துக்காகவே உருவாக்கியிருக்கிறது. நான் கேட்பது இவ்வளவுதான்: பொட்டலத்தில் அச்சடித்த எண்ணைப் பிள்ளைகள் அப்படியே அட்டைக்கு ஏற்ற வேண்டாம். தங்கள் பள்ளிக்கூட நீரில், தங்கள் தோட்டத்து உரத்தில், தங்கள் மண்ணில் அளந்து, தங்கள் எண்ணை எழுதட்டும்.

ஆய்வை இப்படி வைத்துப் பாருங்கள். ஒரே அளவான ஆறு கண்ணாடிக் குவளைகள். ஒவ்வொன்றிலும் அரை கிராம் தூள், இருநூறு மில்லிலிட்டர் நீர். முதல் குவளையில் மழைநீர். இரண்டாவதில் குழாய் நீர். மூன்றாவதில் ஒரு லிட்டருக்கு ஒன்பது கிராம் சமையல் உப்பு கரைத்த நீர். நான்காவதில் போர்ட்டிக்சன் கடல்நீர். ஐந்தாவதில் யூரியா கரைத்த மழைநீர். ஆறாவதில், மிளகாய்ச் செடிக்குச் சொட்டுநீரில் விடும் ஏ, பி உரங்களில் ஏ கரைசலை மட்டும், செடிக்கு விடும் அளவுக்கு மழைநீரில் கலந்தது. ஏ போத்தலில்தான் கால்சியம் நைட்ரேட் இருக்கிறது. அதையும் பி போத்தலையும் ஏன் தனித்தனியே விற்கிறார்கள் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். செறிவான நிலையில் இரண்டையும் கலந்தால் கால்சியம், பி கரைசலின் சல்பேட்டோடும் பாஸ்பேட்டோடும் சேர்ந்து அடியில் படிந்துவிடும். அதுவும் அயனிகளின் வேலைதான்.

இரண்டு மணி நேரம் கழித்து மெல்லிய துணியில் வடிகட்டி, ஜெல்லை மட்டும் நிறுக்கட்டும். தற்சார்பு மாறி நீரின் வகை, சார்பு மாறி ஜெல்லின் எடை, கட்டுப்படுத்தப்பட்ட மாறி தூளின் அளவு, நீரின் அளவு, நேரம். ஐந்தாம் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அயனி என்ற பெயரே தேவையில்லை. தண்ணீரில் என்ன கரைந்திருக்கிறது என்று கேட்டாலே போதும். இடைநிலைப் பள்ளிக்குப் போய் அயனிப் பாடம் வரும்போது, ‘இதை நாங்கள் நிறுத்துப் பார்த்திருக்கிறோமே’ என்பார்கள்.

முதல் குவளையில் நீரின் பெரும்பகுதி ஜெல்லாகி நிற்கும். ஐந்தாவதும் ஏறக்குறைய அப்படித்தான். யூரியா மண்ணில் நாளாக ஆகச் சிதைந்து அம்மோனியமாகும், அது வேறு கதை. குவளைக்குள் இரண்டு மணி நேரத்தில் அது நடக்காது. மூன்றாவதில் ஜெல் அடியில் தங்கி, மேலே நீர் தெளிந்து நிற்கும். நான்காவதில் இன்னும் கொஞ்சமாக இருக்கும். ஆறாவதைப் பிள்ளைகள் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். முதலில் அதுவும் மற்றவற்றைப் போல வீங்கத் தொடங்கும். பிறகு, சோடியம் இருந்த இடத்தைக் கால்சியம் பிடிக்கப் பிடிக்க, குடித்த நீரைத் திரும்பக் கக்கிச் சுருங்கும். விரலால் நசுக்கினால் மற்ற ஜெல் வழுக்கும். இது இறுகிய ரப்பர் போல எதிர்க்கும். உரக் கரைசல் எவ்வளவு திடமோ அதற்கேற்ப இந்த மாற்றம் கூடும் குறையும். அந்த அளவையே மாற்றி மாற்றிப் பார்ப்பது அடுத்த ஆய்வு.

பிறகு மூன்றாவது, நான்காவது, ஆறாவது குவளைகளின் ஜெல்லை மழைநீரில் பல முறை அலசி, மறுபடி மழைநீரில் ஊறவையுங்கள். சமையல் உப்பில் இருந்தது பெரும்பாலும் மீண்டு வீங்கும். ஏ உரத்தில் இருந்தது எளிதில் மீளாது. கடல்நீரில் இருந்தது? அதை நான் சொல்லிவிட்டால் ஆய்வு எதற்கு? கடல்நீரில் ஒரு கிலோவுக்குச் சோடியம் ஏறக்குறைய 10.8 கிராம், மக்னீசியம் 1.3 கிராம், கால்சியம் 0.4 கிராம் என்பதை மட்டும் கரும்பலகையில் எழுதிவிட்டு, எது நடக்கும் என்று முன்கூட்டியே கருதுகோள் எழுதச் சொல்லுங்கள். வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடும். அதுதான் நமக்கு வேண்டும்.

கடைசியாக ஒரு குவளை மண்ணுக்கு. பள்ளிக்கு அருகிலுள்ள செம்பனைக் காட்டு மண்ணை நீரில் கலக்கித் தெளியவைத்து, பிஎச் தாளில் சோதித்து, அந்த நீரிலும் ஜெல்லை ஊறவையுங்கள். பூச்சாடி ஆய்வு செய்வதாக இருந்தால் ஜெல் கலந்த சாடி, வெறும் மண் சாடி என்று இரண்டோடு நிற்காமல், மூன்றாவதாக ஒரு சாடியின் மேல் செம்பனையின் வெற்றுக் குலையை நறுக்கிப் பரப்புங்கள். தோட்டங்களில் ஈரம் காக்க நெடுங்காலமாக அதைத்தான் பரப்புகிறார்கள். புதுப் பொருள் பழைய முறையை வெல்கிறதா என்று தெரியாமல் அதற்குப் பரிசு கொடுப்பது முறையல்ல.

பாதுகாப்பு பற்றி இரண்டு வார்த்தை. அணையாடையைப் பிரிக்கும்போது தூள் பறக்கும்; மூச்சில் போகாமல் முகக்கவசம் போடச் சொல்லுங்கள். கடைகளில் வண்ண வண்ணமாக விற்கும் தண்ணீர் மணிகளும் இதே குடும்பம்தான். சிறு பிள்ளை விழுங்கினால் குடலுக்குள் வீங்கி அடைத்துக்கொள்ளும். பாலர் பள்ளி வகுப்புப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். மிஞ்சிய ஜெல்லைச் சிங்கில் கொட்டினால் குழாய் அடைக்கும். மேலே உப்பைத் தூவுங்கள், நீரை விட்டுவிடும். நீரை வடித்து, மிஞ்சியதைக் குப்பையில் போடுங்கள். மண்ணிலும் நினைத்தபடி அள்ளிக் கலக்க வேண்டாம். பாலிஅக்ரிலேட் மண்ணில் மட்கிப் போக மிக நீண்ட காலம் எடுக்கும்.

அடுத்த அறிவியல் விழாவுக்கு நான் கேட்பது அட்டவணையில் ஒரே ஒரு பத்தி கூடுதலாக. தூளின் எடை, ஜெல்லின் எடை என்ற இரண்டுக்கும் நடுவே ‘நீர் எங்கிருந்து எடுத்தது, அதில் என்ன கரைந்திருக்கிறது’ என்று எழுதும் பத்தி. ‘எங்கள் மண்ணில் இது முப்பது மடங்குதான் குடித்தது’ என்று ஒரு பிள்ளை நேர்மையாக எழுதினால், முந்நூறு மடங்கு என்று அச்சடித்து ஒட்டிய அட்டையைவிட அதற்கு அதிகப் புள்ளி கொடுங்கள். நடுவர்களுக்கும் இதைச் சொல்லிவையுங்கள். குறைந்த எண்ணைக் காட்டியதால் தோற்றோம் என்று ஒரு பிள்ளை வீட்டுக்குப் போனால், அடுத்த ஆண்டு அது அளக்காது. பொட்டலத்தைப் பார்த்து எழுதிவிடும்.

அன்புடன்,
ரப்பர்ப் பால் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்த தோட்டத்துப் பிள்ளை ஒருவன்